அக்காவின் ஏழு நாள் பேச்சு

"வலி போயிருச்சுடா. கீழ் ஒதடு, தாவாக்கட்ட எல்லாம் மரத்துக் கெடக்கு. கிள்ளிப் பாத்தேன், ஒன்னுமே தெரியல" என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். "நல்லதாப் போச்சுக்கா" என்றேன். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்கோ சம்பளம் தருவதே அந்த மாதிரி மரத்துப்போவதைப் பற்றி யோசிக்கத்தான்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வாய்ப் புற்றுநோயின் உயிர்க்கலங்களும் நரம்பின் கலங்களும் ஒன்றுக்கொன்று எப்படிச் சமிக்ஞை அனுப்புகின்றன என்பது என் ஆராய்ச்சி. கேட்கப் பெரிதாக இருக்கும். செய்வது என்னவென்றால், ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் இந்தப் பக்கம் நரம்புக் கலங்களையும் அந்தப் பக்கம் புற்றுக் கலங்களையும் வைத்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் காத்திருப்பேன். நரம்பு ஒரு புரதத்தைக் கசியவிடும். புற்றுக் கலத்தின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது. சில நாட்களில் புற்று நகர்ந்து நரம்பிடம் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த நரம்பையே பாதையாக வைத்துக்கொண்டு மேலே ஏறும். அந்தக் கதவை அடைக்க ஒரு மருந்து கிடைக்குமா என்று பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நோய் மட்டும் இருக்கும், நோயாளி கிடையாது, ஆளே இல்லாத ஆஸ்பத்திரி மாதிரி என்று ஒருமுறை அக்காவுக்கு விளக்கினேன். "ஆளில்லாத ஆஸ்பத்திரியில ஒனக்கு என்னடா வேல? பேயோட்டுறியா?" என்று லயத்து வரிசை வீடுகள் எல்லாம் கேட்கச் சிரித்தாள்.

அக்கா யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். விடிந்தும் விடியாத நேரத்தில் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போவாள், வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். வெறும் வாயோடு போனால் கை ஓடாது என்பாள். நான் ஊருக்குப் போகும்போது அவிசாவளையில் பஸ் மாறும் இடத்தில் அவளுக்குப் புகையிலை வாங்கிப் போவதுண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பால் வெட்டுவது அவள் கூலிக்குச் செய்த வேலை. ஊருக்கு அவள் தலைவி, தோட்டத் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவி. எங்கள் பக்கம் தமிழர் கொஞ்சம் பேர்தான். பொலிஸ், கிராம சேவகர், பிரதேச செயலகம், தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களா, எங்கே போனாலும் சிங்களத்தில் பேச ஆள் வேண்டும். எல்லோரும் ஓரளவு பேசுவார்கள் என்றாலும், எதிரே இருக்கிறவர் மேசையைத் தட்டினால் திருப்பித் தட்டிப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். என்னுடையது அலுவலகச் சிங்களம், அவளுடையது சண்டை போடுகிற சிங்களம்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்கு முன்பே பல மாதமாக வாய் எரிகிறது, பல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பல்லைப் பிடுங்கியும் வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு என் கணினிக்குத் திரும்பிவிடுவேன். வலி போய்விட்டது என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி கேட்டாள், நரம்புக்குள் புற்று போய்விட்டதை நோயாளி எப்படி உணர்வார் என்று. "முதல்ல எரியும், வலிக்கும். பிறகு ஒருநாள் வலி நின்று மரத்துப்போகும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சேர், சுகமில்லையா என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அக்காவின் வாயைப் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நாக்கின் ஓரத்திலிருந்து ஈறு வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு புண், விளிம்பு கல் மாதிரி. "பல்லு புடுங்குன புண்ணுடா அது, ஆறிக்கிட்டு வருது" என்றாள். மறுநாளே கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்த டொக்டர் நேரத்தை வீணாக்காமல் மஹரகம ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. மஹரகமவுக்கு எழுதிட்டாங்க என்பார்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, என்ன வெட்கம். அக்கா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாடையில் ஒரு பக்கமும் நாக்கில் பெரும்பகுதியும் எடுக்க வேண்டும், பேச்சு அநேகமாகப் போய்விடும், எடுக்காவிட்டால் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம் என்றார். அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நாளை காலை நான் வார்டைச் சுற்றிப் பார்க்கும்போது நீங்களும் வாருங்கள் என்றார்.

நான் வெளியே வந்து, "சின்னக் கட்டிக்கா. வெட்டி எடுத்துருவாங்க. கொஞ்ச நாளைக்குப் பேச ஒரு மாதிரியா இருக்கும், அப்புறம் சரியாயிரும்" என்றேன். உண்மை தெரிந்தால் மாட்டேன் என்பாள், மாட்டேன் என்றால் செத்துப்போவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். முழுதும் சொல்லப்போனால் மரத்துப்போனதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

ஆங்கிலத்தில் கேட்டு வாங்கித் தமிழில் பூசி மெழுகிவிட்டால் விஷயம் என் கைக்குள் இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அதைப்போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. அன்றே அக்காவை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா, அதே சத்திரசிகிச்சை முடிந்து மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அவருடைய மகளிடம் அக்கா அன்று மாலையே பேசத் தொடங்கிவிட்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று ஆரம்பித்து, அம்மாவுக்கு என்ன வெட்டினார்கள் என்பதுவரை விசாரித்து முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை டொக்டர் கட்டிலருகே வந்து நின்றதும் அக்கா எழுந்து உட்கார்ந்து, "மகே திவ கபனவத, டொக்டர் நோனா?" என்று கேட்டாள். என் நாக்கை வெட்டப்போறீங்களா என்று. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எவ்வளவு வெட்டுவீங்க, விழுங்க முடியுமா, வெட்டினாலும் திரும்ப வருமா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. கடைசியாக, அவ்வளவு வலி இருந்தது, அது ஏன் தானாக நின்றது என்று கேட்டாள். நோய் நரம்புக்குள் போய்விட்டது, நரம்பு வேலை செய்யவில்லை, அதனால்தான் என்றார் டொக்டர். அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். போனில் நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"ஊருக்கே பேசினவ. எனக்கு எடுத்துச் சொன்னா வெளங்காதாடா?" என்றாள். என்னிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வெட்டச் சம்மதித்தாள். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். இடையில் வீட்டுக்குப் போய் வரக் கேட்டாள், விட்டார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். வெட்டப்போவதை லயத்தில் யாரிடமும் மறைக்கவில்லை. ஏழு நாள் இருக்கு, பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சுக்குங்க என்று அவளே சொல்லிவிட்டாள்.

சனம் வரிசையாக வந்தது. அடையாள அட்டை இல்லாத ஒரு பெண்ணுக்காகக் கிராம சேவகரிடம் போனாள். பின் லயத்துக் கூரைத் தகரத்துக்காகத் தொரையின் பங்களா வாசலில் நின்று கத்தினாள். வாய் கோணி எச்சில் வழிய, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பேசினாள். தொரை முதன்முறையாக அவளை உட்காரச் சொன்னார். தெஹியோவிட்டயில் இருக்கிற, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தனுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தாள், பிறகு அழுதாள். தன் மகளை எதிரே உட்காரவைத்து, பொலிசில் போய் எப்படி ஆரம்பிக்க வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தாள். கோழியிடம்கூடப் பேசினாள்.

நான் எல்லா இடத்துக்கும் அவள் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வாள். "ஒங்க மாமாவுக்குச் சோத்தப் போடு." "ஒங்க மாமாவக் குளிக்கச் சொல்லு." நாளைக்குப் பேசுவாள், நாளைக்குப் பேசுவாள் என்று இருந்தேன். புதன்கிழமையும் போனது. வியாழன் காலை மஹரகமவில் ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் தள்ளுவண்டியோடு நடந்தேன். அவள் வண்டி தள்ளுகிறவரிடம் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று சிங்களத்தில் விசாரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் சொன்ன பதிலும் அவள் சிரிப்பும் கேட்டது. அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மகளுக்கு மட்டும் புரியும். ஒரு கொப்பியில் எழுதுவாள். எனக்கு எழுதியதெல்லாம் தண்ணி, ஜன்னல், பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெட்டி எடுத்த துண்டின் ஓரத்திலேயே, நரம்புக்குள், நோய் இருந்ததாக அறிக்கை வந்தது. அது மேலே ஏறியது. எவ்வளவு தூரம், எந்த வழியாக என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கதவை அடைக்கும் மருந்து என் தட்டில் சில நாள் வேலை செய்கிறது, பிறகு செய்வதில்லை. சத்திரசிகிச்சை முடிந்த பத்தாவது மாதம் அக்கா இறந்தாள்.

கடைசி ஏழு நாளும் எல்லோரிடமும் பேசினாள், கூடப் பிறந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று செத்த வீட்டில் நான் பலரிடம் குறைபட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மகள் மட்டும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மாதான் கோவத்துல பேசல. நீங்க ஏன் மாமா பேசல?"

மரத்துப்போச்சு என்று நீ சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அக்கா, தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெட்டியது அவள் நாக்கை. என் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குக் காதும் கடைசிவரை நன்றாகக் கேட்டது.