கடைசி ஆளாக நடந்த மலை

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் குறுக்கும் நெடுக்குமாக நடப்பவன். போனமுறை நடைக்கூட்டத்தை விட்டு முன்னால் ஓடி, காட்டுக்குள் வழி மாறி, எல்லாரையும் தேடவைத்தேன். அதற்குத் தண்டனையாக, இந்த மே மாதக் கடைசி மலை நடையில் என்னைக் கடைசி ஆளாகப் போட்டார்கள். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. யாரையும் பின்னால் விட்டுவிடவும் கூடாது.

எனக்கு முன்னால் அக்கா. சொந்த அக்கா இல்லை, எங்கள் தெருவில் மாடி வீட்டில் தனியாக இருப்பவர். போன இலையுதிர் காலத்தில் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மொன்றியலில் மாடி வீடு என்றால் வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அந்தப் படியை விட்டு ரொறன்ரோவுக்குத் தன்னோடு வந்துவிடச் சொல்லி மகன் நெருக்கிக்கொண்டிருந்தான். "இந்த மலையில ஏறி இறங்கிக் காட்டுங்கோ, பிறகு நான் வாயே திறக்கமாட்டன்" என்று சொன்னவன், தானும் வந்து எல்லாருக்கும் முன்னால் நடந்தான்.

கீழே ஆப்பிள் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று. மேலே இலைகள் நேற்றுத்தான் விரிந்தவை போல, வெளிச்சம் பச்சையாக ஒழுகியது, கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்தன, எனக்கு ஓடவேண்டும், அந்த வளைவுக்கு அப்பால் என்ன, அதற்கும் அப்பால் என்ன. அக்கா ஒரு வேரின் முன்னால் நின்று எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தார்.

"தம்பி, உம்மட மூச்சு பிடரியில சுடுது. தள்ளி வாரும்."

"நான் இன்னும் நடக்கவே தொடங்கேல்லை அக்கா."

"அப்ப நில்லும். நிக்கப் பழகினால் உம்மட மனிசிக்கும் நிம்மதி."

ஏறிவிட்டார். உச்சியில் தோடம்பழம் உரித்து எனக்கும் பாதி தந்தார்.

இறக்கத்தில்தான் முழங்கால் மடங்க மறுத்தது. பாறையில் ஈரம். கூட்டம் கீழே போய்விட்டது. நான் கையை நீட்டினேன், அவர் பிடிக்கவில்லை. சட்டென்று திரும்பி, மலையைப் பார்த்தபடி, மரங்களைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். அதுவரை முதுகைக் கண்டவன் இப்போது முகத்தைக் கண்டேன். வேர்த்திருந்தது. நான் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"என்ன, நடனமோ?" என்றார்.

அடிவாரத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். மகனும் தட்டினான். "வெண்டிட்டியள் அம்மா! ஆனா இதென்ன, ரிவேர்சில வாறியள்?"

"மாரி முழுக்க வீட்டுப் படியால இப்பிடித்தானே இறங்கினனான். ஐஸ் எண்டால் வேற என்ன செய்யிறது?"

"ஆர் உங்களைப் பிடிச்சது?"

"கைபிடிக் கம்பிதான்."

அவன் குனிந்து, ஒழுங்காய்த்தான் கட்டியிருந்த சப்பாத்து நூலை அவிழ்த்து மறுபடி கட்டினான். நிமிர்ந்து, "ரொறன்ரோவைப் பற்றிப் பேந்து கதைப்பம்" என்றான்.

திரும்பும் வண்டியில் அக்கா என் பக்கத்தில் இருந்தார். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். எல்லாம் நின்றுவிட்டது.

"படிக் கதையைச் சொல்லி நானே கெடுத்திட்டன், என்ன தம்பி?" மெல்லத்தான் கேட்டார்.

முன் இருக்கையில் மகனின் தலை அசையவில்லை. நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "வாற மாரிக்கு நான் விடியக் காலமையில வந்து உங்கட படியில ஐஸ் உடைச்சு உப்புப் போடுறன். நீங்கள் கீழ இறங்குமட்டும் நிப்பன்."

"நீரோ? நிப்பீரோ?"

மகன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் வருவியளோ அண்ணை?"

"ஓம்" என்றேன். வண்டி இன்னும் நகரவில்லை. அக்கா, ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.