பெருமாள் காத்திருந்த காலைகள்

எங்கள் வீட்டில் பெருமாள் சாப்பிடாமல் யாரும் சாப்பிடுவதில்லை. கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாலும் அதில் மாற்றம் கிடையாது. காலையில் என் மனைவி குளித்துவிட்டுத் தளிகை செய்வாள், அதாவது பெருமாளுக்கென்று சமைப்பாள். சாதம், பருப்பு, சாத்தமுது என்கிற ரசம். பூஜை அலமாரிக்கு முன் வைத்து, சுலோகம் சொல்லி, மணி அடிப்பாள். மணிச் சத்தம் கேட்டால் நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். சாப்பிட்டதும் நான் ஆபீசுக்கும் பெண் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுவோம்.

இந்த ஒழுங்கு மெதுவாகத்தான் கெட்டது. முதலில் சுலோகத்தை இரண்டாம் தரம் சொன்னாள். பிறகு மூன்றாம் தரம். ஒரு கட்டத்தில் மணிச் சத்தமே வராமல் போயிற்று. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே சாதம் ஆறிக்கொண்டிருக்கும். திடீரென்று பாத்திரத்தோடு வெளியே வந்து, "இது ஆகாது, வேற வடிக்கறேன்" என்று மறுபடி அரிசி களைய ஆரம்பிப்பாள். பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை நான். "ஏன், உன் பெருமாளுக்கு ஒரு தடவை சொன்னா காது கேக்காதா?" என்று கத்தியிருக்கிறேன். கத்தினால் அவள் முதலிலிருந்து தொடங்குவாள். ஆகையால் கத்துவதையும் விட்டேன்.

ஊரில் இதற்குப் பெயர் பக்தி. சென்னையில் இருக்கும் என் தங்கை போனில், "மன்னி மாதிரி ஆசாரமா இருக்கறவா இந்தக் காலத்துல யாருண்ணா? நீ குடுத்து வெச்சவன்" என்பாள். வயிறு காய்ந்தாலும் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது.

பெண் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவள் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரி. கீழ் வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் காக்கிமா என்போம். பெண் காலையில் நேராக அங்கே போய் லூச்சி என்கிற பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஏறிவிடுவாள். "காக்கிமா குடுத்தா, சாப்ட்டுட்டேன்" என்பதோடு சரி. ஒரு வார்த்தை கூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எங்களுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடக்கப் போனோம். பாதி வழியில் என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுலோகம் சொல்றச்சே பெருமாளைப் பத்தி அசிங்கமா ஒரு வார்த்தை வரதுன்னா. நான் நெனைக்கல, அதுவா வரது. அந்த வார்த்தையோட வெச்ச சாதத்தைக் கொழந்தை சாப்ட்டா அவளுக்கு ஏதாவது ஆயிடுமேன்னு…"

இவ்வளவு நாளாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் சாதம் ஆறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஒருவர் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் சாட்சியானேன். பூஜை முடியும்போது பக்கத்தில் நிற்பேன். "சரியா சொன்னேனா?" என்பாள். "சரியாத்தான் சொன்னே" என்பேன். உடனே அவள் முகம் தெளியும், மணி அடிக்கும், நானும் பெரிய வைத்தியனாகிவிட்ட நினைப்பில் சாப்பிட உட்காருவேன். கொஞ்ச நாளில் ஒரு "சரி" போதவில்லை. "நிஜமாவா? சத்தியமா?" என்று கேள்வி நீண்டது. மறுபடி உலை ஏறியது.

டாக்டர் ஓ.சி.டி. என்றார். மனம் ஒன்றையே பிடித்துக்கொண்டு சுற்றுகிற வியாதி, பாவமும் இல்லை, பைத்தியமும் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். அதனால் தூக்கமும் கொஞ்சம் நிதானமும் வந்தன. ஆலோசனைக்கென்று முதலில் போன இடத்தில்தான் தகராறு. "கொஞ்ச நாள் பூஜையை நிறுத்தி வையுங்கள்" என்றார்கள். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றா" என்றாள். வாய் மட்டும் அவளுக்கு எந்த வியாதியிலும் படுத்ததில்லை.

அதைக் கேட்ட டாக்டர் சிரித்துவிட்டு பவானிபூரில் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். பக்தி உள்ளவர்களை அவர்களுடைய பக்தியை விடச் சொல்லாமலே குணப்படுத்துகிறவர் என்றார். டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கையில் சங்கு வளையல், மேஜை மேல் சிறிய காளி படம், அதற்கு ஒரு செம்பருத்தி. "நானும் தினம் விளக்கேற்றுகிறவள்தான்" என்று வங்காளத்தில் ஆரம்பித்தார். என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள், வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது வருஷம் இருந்தும் என் வங்காளம் மீன் கடையைத் தாண்டாது. அதிலும் நான் மீன் வாங்குவதில்லை. என்றாலும் அன்று பேசியது முழுக்கப் புரிந்தது.

முதல் கேள்வியே, "திதி, உங்கள் டாகுர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?" என்பதுதான். திதி என்றால் அக்கா, சாமியை இங்கே டாகுர் என்பார்கள்.

என் மனைவி புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு மெல்ல, "சில நாள் மத்தியானம் ஆகிவிடும். அதுவரைக்கும் அவரும் பட்டினி" என்றாள். அந்த வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிட்டுத் தேம்பினாள்.

அந்த அம்மாள் தேம்பல் அடங்கும்வரை காத்திருந்தார். "ஒருத்தருக்கு எது உயிரோ அதைத்தான் இந்த வியாதி போய்ப் பிடிக்கும். சாமி மேல் பிரியம் இல்லாதவளுக்கு அந்த வார்த்தை வந்திருந்தால் அவள் பயந்தே இருக்க மாட்டாள்" என்றார். பிறகு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"பரீட்சைக்குப் போகும்போது என் பெண் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்." வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஒருநாள் அந்த அம்மாள், கடவுளிடம் ஒன்றை எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று உங்கள் சம்பிரதாயத்தில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். என் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சரணாகதி என்று ஒன்று உண்டு, என் பாரம் இனி உன்னுடையது என்று ஒப்படைத்துவிடுவது, கல்யாணமான புதிதில் ஆசாரியர் மூலமாகத் தனக்கும் ஆயிற்று, அதை ஒரே ஒரு தடவைதான் செய்வது, இரண்டாம் தடவை செய்தால் முதல் தடவை அவர் ஏற்றுக்கொண்டதை நாம் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை, விளக்கவும் இல்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நகர்த்தினார். படிக்கட்டில் இறங்கும்போது என் மனைவி, "எனக்குத் தெரிஞ்சதுதானேன்னா, எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு பழக்கம் ஆரம்பித்தது. முதலில் வெறும் பால். சுலோகம் ஒரு தரம். அந்த வார்த்தை வந்தால் வரட்டும், அதை விரட்ட வேண்டாம், அது இருக்கும்போதே மணி அடித்துவிட்டுப் பாலைக் குடிக்க வேண்டும். பால் பழகிய பிறகு பழம், அப்புறம் சாதம். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். "சரியா?" என்று அவள் கேட்டால் நான் "தெரியாது" என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் சொல்கிற ஒவ்வொரு "சரி"யும் அந்தப் பயத்துக்குப் போடுகிற தீனி என்றார் அந்த அம்மாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டி பயந்துகொண்டு நிற்கும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன் புருஷனா? அது போகட்டும், ஆபீசில் எதற்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

ஒரு தரம் ஏமாற்றினேன். மெட்ரோவில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "காத்தால சரியா இருந்துதான்னா?" பக்கத்தில் ஒருவருடைய முழங்கை என் விலாவில். "சரிதாம்மா, சரிதான்" என்றுவிட்டேன். அடுத்த தடவை பவானிபூர் போனதும் முதல் காரியமாக என் மனைவியே என்னைக் காட்டிக் கொடுத்தாள். இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அந்த அறையில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், ஆகையால் கோபம் வரவில்லை.

வியாதி ஓடிப்போய்விட்டது என்று எழுதினால் பொய். துர்கா பூஜை சமயத்தில் எங்கள் வீட்டில் கொலு வைத்தபோது எல்லாம் தலைகீழாகி, ஒரு வாரம் பெண் கீழ் வீட்டிலேயே சாப்பிட்டாள். மறுபடி பாலிலிருந்து ஆரம்பித்தோம்.

பரீட்சை வந்தது. முதல் நாள் காலை பெண் ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தாள். கீழே போகவில்லை. உள்ளே சுலோகம் கேட்டது. பாதியில் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடிந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. என் மனைவி அறை வாசலுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நடுவுல வந்துடுத்துன்னா. ரொம்ப அசிங்கமா. சரியாச்சா?"

"தெரியாது."

"இன்னிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன். அவ பரீட்சைக்குப் போறா."

வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வார்த்தையை நான் சொன்னதில்லை. "தெரியாதும்மா. எனக்கு நிஜமாவே தெரியாது."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அரிசி களைகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மணி அடித்தது.

பாத்திரத்தைக் கொண்டுவந்து பரிமாறினாள். தட்டுக்கு வெளியிலும் சாதம் விழுந்தது. பெண் பருப்பைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அம்மா, பருப்புல உப்பே இல்ல."

சாத்தமுதைத் தொட்டு நக்கினாள். அதிலும் இல்லை. பெருமாளுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது, இருந்த பதற்றத்தில் எல்லாவற்றிலும் மறந்திருக்கிறாள். நடக்காத தப்புக்கே நடுங்கியவள். இன்றைக்கென்று பார்த்து நிஜமாகவே ஒரு தப்பு, அதுவும் பெருமாளுக்கு வைத்து, மணியும் அடித்தாகிவிட்டது.

அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். பெண்ணைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சுழித்தது.

"கும்பகோணத்துப் பக்கத்துல உப்பிலியப்பன் பெருமாளே தெனம் உப்பில்லாமத்தான் சாப்படறார். உனக்கு மட்டும் என்ன, நாக்கு அவ்ளோ நீளமோ?"

பெண் வாயில் சாதத்தோடு சிரித்துப் புரையேறிற்று. என் மனைவி அவள் தலையில் தட்டிவிட்டு உப்பு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள் பெண். போட்டாள். தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.