படுவான்கரை என்று சொன்ன நாள்

உயர்தர வகுப்பில் ஆங்கிலம் படிப்பதென்று பிடிவாதமாக நின்று, வாவிக்கு அக்கரையில் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, புலிகளின் கையில் இருந்த எங்கள் படுவான்கரையிலிருந்து வருபவர்களைச் சோதனைச் சாவடியில் மட்டுமல்ல, டவுனிலும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

முதல் நாள் சாவடி வரிசையில் நெடுநேரம் நின்று, தாண்டியதும் சேற்றுக் காலைக் கழுவி, பைக்குள் இருந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் டீச்சர் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். டவுன் என்று சொன்னேன். பொய் தடங்கலில்லாமல் வந்தது.

அதைக் கேட்டபடியே சேற்றுக் காலோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். சாவடியில் எனக்குப் பின்னால் நின்றவள். பிந்தியதற்குக் காரணம் கேட்டார் டீச்சர்.

"படுவான்கரையில இருந்து வாறன், டீச்சர். செக்கிங்கில பிந்திட்டுது. நாளைக்கும் பிந்தும்."

பின் வாங்குகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சப்பாத்தைப் பார்த்தாள்.

"பயப்பிடாத புள்ள, நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்," என்றாள் மெதுவாக.

காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. எழுந்தேன். நானும் படுவான்கரைதான், முதலில் சொன்னது பொய் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் திக்கியது. சிரித்தார்கள். முடிக்காமல் நான் உட்காரவில்லை.

இன்று நானும் ஆங்கில டீச்சர். முதல் நாள் வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் ஊர் கேட்பதில்லை. என் ஊரைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.