புளி போட்டு விளக்கிய மைக்ராஸ்கோப்

ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் அம்மாவின் கைக்கு எதுவும் தப்பாது. அரிவாள், ஏர்க்கொழு, ராந்தல் எல்லாம் குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், அத்தையின் மைக்ராஸ்கோப்பும் பித்தளையாகப் பிறந்த குற்றத்துக்காக அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. புதுக்கோட்டையில் விடுதியில் தங்கி ஹைஸ்கூல் கடைசி வகுப்பு படித்தாள். பூஜை லீவுக்கு வந்தபோது டீச்சரிடம் கெஞ்சி அந்தக் கருவியை வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. விராலிமலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, விஜயதசமி சாயந்தரம் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக முடிவாகியிருந்தது. மாற்றிவிட்டால் பள்ளிக்கூடம் அதோடு சரி.

போன வருஷம் விதைப்புச் சமயத்தில் அப்பாவை நரம்புச் சிலந்தி படுக்கையில் போட்டிருந்தது. வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு காலைப் பொத்துக்கொண்டு வரும்; அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்க வேண்டும். அது உடம்புச் சூட்டால் வருவது என்பது அப்பாவின் கட்சி. குடிக்கிற ஊருணித் தண்ணீரில் வருகிறது என்பது அத்தையின் கட்சி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

“அந்தப் புழுவத் தண்ணியில காட்டு பாப்போம். காட்டிட்டா நீ பள்ளிக்கூடம் போ. விராலிமலைக்காரவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று அப்பா வீம்பாகச் சொல்லிவிட்டார்.

அத்தை ஊருணியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து, தூசி போலத் துள்ளும் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றின் வயிற்றுக்குள் புழுக்குஞ்சு சுருண்டு கிடந்தது. எனக்கும் காட்டினாள். அதைத் தனியாக ஒரு சின்னப் புட்டியில் பிடித்து வைத்தாள். அப்பா சந்தையிலிருந்து திரும்புவதற்குள் பூஜை வந்துவிட்டது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் வரை தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் வாசலில் மணையைப் போட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தாள். கோவில் பந்தல் பெட்ரோமாக்ஸ் விளக்கிலிருந்து உதிர்ந்த மைக்காத் தகடுதான் புட்டியிலிருந்து விட்ட சொட்டுத் தண்ணீருக்கு மூடி. கண்ணாடி மூடிகள் வரும் வழியிலேயே உடைந்திருந்தன. அப்பா குனிந்து பார்த்தார்.

“பூச்சி தெரியுது. உள்ள ஒண்ணயுங் காணோமே. ஒரே பனிமூட்டமால்ல இருக்கு.”

அத்தை பார்த்தாள். குமிழை எப்படித் திருகினாலும் மூட்டம் விலகவில்லை.

“மதினி, இத என்ன பண்ணுனீங்க?”

“என்ன பண்ணுனேன்? புளி போட்டு வெளக்குனேன். கண்ணாடியத் தொடவே இல்ல. மேல ஒரு கொழாய் துருத்திக்கிட்டு நின்னுச்சு, அத உள்ள தள்ளி விட்டேன்” என்றாள் அம்மா, குறை வைக்காத பெருமையோடு.

அத்தை அந்தக் குழாயைப் பிடித்து இழுத்தாள். புளியும் சாம்பலும் இடுக்கில் காய்ந்து இறுகியிருந்தன. தேங்காய் எண்ணெய் விட்டும் அசையவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

“கொஞ்சம் இருங்கண்ணே” என்று அத்தை மைக்காவை நகத்தால் உரித்து மெல்லிசாக்கினாள். மூட்டம் அதிகமானது. உள்ளே போன குழாயை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு தடித்த தகடாக எடுத்து வைத்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“மறைக்கிறத எடுத்துட்டுல்ல பாக்கணும்? மேல மேல கனமா வைக்கிறியே!”

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. லென்ஸின் விளிம்பு வழியாக வரும் வெளிச்சமும் நடுவில் வரும் வெளிச்சமும் ஒரே இடத்தில் கூடாவிட்டால் உருவம் கலங்கும், அதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பேர் என்பதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான். குழாயின் நீளமும் மூடியின் கனமும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டவை. குழாய் குட்டையானால் மூடி கனக்க வேண்டும். டீச்சர் எப்போதோ சொன்ன அந்த ஒரு வார்த்தையை அத்தை சரியான நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

கனம் கூடிப்போனதும் மறுபடி கலங்கியது. அதிலிருந்து ஒரு ஏட்டை உரித்துவிட்டுக் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, வாங்க. மூச்சு விடாமப் பாருங்க.”

அப்பா பார்த்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. பூச்சிக்குள் அந்தச் சுருள் ஒரு தடவை புரண்டிருக்க வேண்டும். அவர் தோள் சிலிர்த்ததை நான் பார்த்தேன். தன் காலின் தழும்பைத் தடவிக்கொண்டார். நேரே வீட்டுக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில், சாயந்தரம் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கக் கட்டுவதற்கென்று வாங்கிய புது வேட்டி இருந்தது. அதைப் பல்லால் கடித்து டர்ரென்று இரண்டாகக் கிழித்தார். கிழித்த துணியைத் தண்ணீர்ப் பானையின் வாயில் போட்டுக் கட்டினார்.

“ஒத்தையாக் கட்டாதீங்கண்ணே, ரெண்டா மடிச்சுக் கட்டுங்க” என்றாள் அத்தை. சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அவள் குரல். அம்மா பரணிலிருந்து அத்தையின் ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். புளி போடவில்லை.

நான் தூணைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த யாருக்கும் நேரமில்லை. அவ்வளவு நல்ல வேட்டியைக் கிழித்துவிட்டாரே, சாயந்தரம் விராலிமலைக்காரர்கள் வந்து நின்றால் அப்பா எதைக் கட்டிக்கொள்வார் என்பதுதான் அன்றைக்கு என் கவலையெல்லாம்.