கேஜ் கூரைமேல் அரம்

இது நடந்தது. 1899-இல், பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு பத்துக்கு. இருட்டினால்தான் பேய் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கம். பேர் வேண்டாம். அதன் பட்டறையில் வருஷத்துக்கு ஒரு புதுக் கருவி செய்து சீமைக்காரர்களையே வாய்பிளக்க வைத்தவர் ராஜப்பா மேஸ்திரி. மொத்தம் பதினோரு கருவி. தை மாசம் காய்ச்சலில் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஜெயகரன் வந்தான். ஆடிக்குள் புதுசாக ஒன்றைக் காட்டு, இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாமானைச் சீமையிலிருந்தே இறக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை. பூட்டினால் பதினெட்டுக் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜெயகரன் ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கொக்கி செய்தான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர்; அதன் கூரைமேல் பூட்டினான். வடம் அறுந்தால், அது பக்கத்து மரச்சட்டங்களைக் கவ்விக் கேஜை அந்தரத்தில் நிறுத்தும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவியானாலும் செய்தவன்தான் முதலில் இறங்கிச் சோதிக்க வேண்டும். தனியாக.

"இன்னா மேஸ்திரி, பயமா கீதா?" என்றான் கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டும் தங்கவேலு. "ஏசுவ வேண்டிக்கினு ஏறு."

2.10. கேஜ் இறங்கியது. முந்நூறு அடியில், பேசி வைத்தபடி, தங்கவேலு வடத்தைத் தளர்த்தினான்.

டக்.

கொக்கி கவ்வியது. ஜெயகரனுக்கு அழுகையே வந்துவிட்டது. நானே செய்தது... என்னுடையது...

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கர்ர்... கர்ர்...

தலைக்கு மேலே. கேஜின் கூரைமேல் யாரோ கொக்கியை அரத்தால் அராவுகிறார்கள்.

"யாரு?"

சத்தம் நின்றது.

"இன்னும் ஒரு நூலு தேயணும்."

நூல் என்பது பட்டறை அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ராஜப்பா வாயைத் திறந்தால் அதுதான் வரும்.

மேலே இழுக்கச் சொல்லும் மணிக்கயிற்றை இழுத்தான். மணி அடிக்கவில்லை.

கர்ர்...

தோளில் இரும்புத்தூள் விழுந்தது. சூடாக.

கேஜ் ஓரடி நழுவியது.

"வேணாம் மேஸ்திரி... இது என்னோடது..."

கர்ர்...

இன்னோர் அடி.

கண்ணை மூடிக்கொண்டான்.

2.31. கேஜ் மேலே வந்தது. கூரைமேல் யாரும் இல்லை. கொக்கியின் நாலு பல்லும் சரியாக ஒரு நூல் தேய்ந்திருந்தன. கல்லை ஏற்றி மறுபடி சோதித்தார்கள். முன்பைவிட இரு மடங்கு பாரம் தாங்கியது.

துரை கைகுலுக்கினார். பட்டறை பிழைத்தது. அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஜெயகரன் தோளில் கிடந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜப்பாவின் மனைவி பார்வதம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னான். ஏதாவது சாந்தி செய்யுங்கள், அவர் என்னை விட்டுவிடட்டும் என்று கெஞ்சினான்.

பார்வதம்மா திடுக்கிடவில்லை.

"அது அவரு இல்லப்பா. பதினோரு தடவையும் அவரும் இப்படித்தான் அழுதுகினே வந்தாரு. ஒரு நூலு, ஒரு நூலுன்னு எவனோ சொல்றான்னு. கேட்டுக் கேட்டு அவரு வாயிலயும் அது ஒட்டிக்கிச்சு."

அப்படியானால் ராஜப்பாவுக்கு முன்னால் இருந்த மேஸ்திரியா?

அப்படி யாரும் இல்லை. அந்தப் பட்டறையைத் திறந்ததே ராஜப்பாதான்.