பிள்ளை மடுவத்து வாசலில் நின்றவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அன்று மத்தியானம் மடுவத்தில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அதற்குக் காரணம் நானில்லை. யாரென்று சொன்னால்தான் நம்ப மாட்டீர்கள்.

என் பெயர் வினோதா. தலவாக்கலையிலிருந்து கொத்மலைப் பக்கம் போகும் வழியில் ஒரு தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு உதவிக்கு சிசிலி அக்கா.

மடுவத்துக்கு மேலே பழைய தேயிலைத் தொழிற்சாலை. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஒரு கம்பெனி எடுத்து மரக்கறி வைக்கிற குளிர் அறையாக்கியது. குளிரூட்ட அமோனியா வாயு. அது நிரப்பிய பெரிய இரும்புத் தாங்கியை எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் இறக்கினார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் போய்ச் சத்தம் போட்டார்கள். தாங்கிக்கும் மடுவத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க ஒரு அதிகாரி வந்தார். தொழிற்சாலை கேட்டில் நாடாவைப் பிடித்தார். தாங்கியிலிருந்து பிடியுங்கள் என்றோம். கேட்டிலிருந்து அளப்பதுதான் முறை, தூரம் போதும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு மடுவத்தில் ஒரு நெடி. ஈரத் துணி நெடி. பிள்ளைகளின் மூத்திரத் துணி என்றே நினைத்தோம். சிசிலி அக்கா துவைத்ததையே திரும்பத் திரும்பத் துவைத்தார். நெடி போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை. பகல் இரண்டு மணி இருக்கும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பனிமூட்டம். யாரோ இருமினார்கள்.

க்ஹ்... க்ஹ்...

வாசலில் ஒரு பெண். நம் ஆள் இல்லை. கண்கள் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது.

"என்ட மகனத் தாங்க."

பேச்சும் நம் பேச்சில்லை.

"மகன் பேரு என்னங்க?"

"லோஜன்."

"அந்தப் பேருல இங்க புள்ள இல்லைங்களே. கீழ்ப்பிரிவு மடுவத்துல கேட்டுப் பாருங்க."

அவள் அசையவில்லை. தொட்டிலில் ஒரு பிள்ளை முனகியது. திரும்பிப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

படியில் மணல் மட்டும் கிடந்தது. எங்கள் மலையில் செம்மண்தான். இது வெள்ளை மணல். ஈரமாக இருந்தது.

மறுநாளும் அதே நேரம். அதே இருமல்.

"என்ட மகனத் தாங்க. மணக்குது... உங்களுக்கு மணக்கலியா?"

"இல்லாத புள்ளைய நான் எங்கங்க போய் எடுக்க?" கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

சிசிலி அக்கா கேட்டார். "யார்கிட்ட பேசுறீங்க டீச்சர்?"

அவர் என் பக்கத்தில்தான் நின்றார். வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணக்குது என்று அவள் சொன்னது மட்டும் மனதில் நின்றது. மேலே போனேன். குளிர் அறையின் மேற்பார்வையாளர் ஜெயகாந்தன், ஹட்டன் பையன். நல்லவன்தான்.

"வால்வுல சின்னக் கசிவு டீச்சர். கொழும்புல இருந்து ஆள் வாறாங்க. பயப்படாதீங்க."

அன்று இரவு நான் தூங்கவில்லை.

வியாழக்கிழமை. பனி கதவுக்குள்ளேயே வந்துவிட்டது. சிசிலி அக்கா ஜன்னலைச் சாத்தினார்.

க்ஹ்... க்ஹ்...

இந்த முறை வாசலில் இல்லை.

உள்ளே.

தொட்டில்களுக்கு நடுவில் நின்றாள். சேலைத் தொட்டில்கள் நான்கும் ஆடின. ஒரே பக்கமாக. காற்றே இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் விழித்திருந்தார்கள். ஒன்றுகூட அழவில்லை. எல்லாக் கண்களும் அவளைப் பார்த்தன.

"என்ட மகன் இல்லாட்டியும் காரியமில்ல... இதுகளத் தூக்குங்க."

குரல் கேட்டது.

அவள் வாய் அசையவில்லை.

"கீழ போகாதீங்க... மேல... மேல..."

"அக்கா! புள்ளைங்களத் தூக்குங்க!"

"என்னங்க டீச்சர்? எங்க?"

"கோயில் மேட்டுக்கு! கேக்காதீங்க, தூக்குங்க!"

ஆளுக்கு இரண்டு கைக்குழந்தை. நடக்கிற பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். லயத்துக்கு இறங்கும் நல்ல பாதையை விட்டு, பக்கவாட்டில், தேயிலைச் செடிகளுக்குள் ஏறினோம். செருப்பு வழுக்கியது. சிசிலி அக்கா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பாதி மேட்டில் கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பிறகு ஒரு வெடி.

திரும்பினேன்.

பனியை விட வெள்ளையாக ஒன்று புரண்டு வந்தது. மடுவத்தை மூடியது. கீழ்ப்பாதை வழியாக லயத்துக்கு இறங்கியது.

கோயில் மேட்டில் பிள்ளைகளை எண்ணினேன்.

பத்து.

மறுபடி எண்ணினேன்.

ஒன்பது...

அன்று ஆட்கள் எல்லோரும் கொழுந்து பறிக்க மலையில் இருந்தார்கள். அதனால் தப்பினார்கள். ஆனால் காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்த பழனியாண்டி ஐயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். என்னால் அவரை இன்னும் மறக்க முடியவில்லை. நான் கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்குமா?

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஜெயகாந்தனைப் பார்க்கப் போனேன். இரண்டு கண்களிலும் கட்டு. என் குரல் கேட்டதும் அழுதான்.

"அந்தத் தாங்கி புதுசு இல்ல டீச்சர். கிழக்குக் கரையில ஒரு ஐஸ் ஆலையில இருந்தது. பொருத்த வந்த ஆள் எங்கிட்ட மட்டும் சொன்னான். வெளிய சொன்னா வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

"அங்க என்ன நடந்துச்சி?"

"பக்கத்துல சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடம். ஒரு தாய் ரெண்டு நாளா வந்து, மணக்குது, மகனத் தாங்கன்னு கேட்டிருக்கா. ஸ்கூல் விடலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாம் நாள் உள்ள போயே தூக்கப் போனா. அப்பதான் வெடிச்சுச்சி. தாயும் புள்ளையும்..."

"புள்ள பேரு?"

"லோஜன்னு சொன்னான்."

நான் அந்தப் பெயரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சத்தியமாக.

அப்படியும் அது முடியவில்லை. போன மாதம் சிசிலி அக்கா எனக்குப் போன் செய்தார். வெடித்த தாங்கியை ஒட்டவைத்து, நீலப் பெயின்ட் அடித்து, பொழுது சாயும் நேரம் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

"தாங்கிமேல ஒரு பொம்பள குந்தியிருந்திச்சி டீச்சர். ஏத்தின ஆளுங்ககிட்ட கேட்டேன். அப்படி யாரும் இல்லைங்கிறாங்க."

"லொறி எங்க போச்சு அக்கா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேனுட்டாங்க. பெரிய ரோட்டுல ஏறுற வரைக்கும் இருமல் சத்தம் கேட்டுச்சி... அப்புறம் பனி மறைச்சிருச்சி."