பிக்கப்புக்கு மேல்கோடு போட்டவன்

சரிவில் நானே கல் உடைத்து வீடு கட்டினேன். ஓடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற, காயலான் கடையில் கிடந்த பம்பைப் பிரித்துச் சேர்த்து ஓட வைத்தேன். கீழ்த் தோட்டத்துத் தேயிலை மூட்டைகளை ரோட்டுக்கு இழுக்கக் கம்பிக் கயிறும் உருளையும் மாட்டினேன். இதெல்லாம் நிற்காது என்று சிரித்தவர்களே பிறகு அதில் தங்கள் மூட்டையை ஏற்றினார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஸ்பேனர் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் நினைப்பது, எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்பை முழுச் சுமையோடு பாக்டரி ஏற்றம் ஏற வைத்தேனே, அதைத்தான்.

அந்த வண்டி என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பியுடையது. மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். ஏலத்தில் எடுத்து வந்த புதிதில், காலி வண்டியே மஞ்சூர் ஏற்றத்தில் முனகும், கரும்புகை கக்கும். சுமை ஏற்றினால் கேட்கவே வேண்டாம், வழியில் நின்றுவிடும். மூட்டைக்குள் அடைந்து கிடக்கும் பச்சைத் தேயிலை நேரம் போனால் சூடேறும், சிவக்கும், பிறகு குப்பைதான். அப்படி எங்கள் இலை பாக்டரியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இனி ஒரு தடவை வெந்த இலை வந்தால் உங்கள் சரிவு இலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய லாரி எங்கள் பாதைக்குள் திரும்பாது. பிக்கப் போகாவிட்டால் எங்கள் இலையை எடுக்க நாதியில்லை.

இன்ஜின் செத்துப்போச்சு, வேறு இன்ஜின் வை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். இன்ஜின் சாகவில்லை, அதற்கு மூச்சு முட்டியது. மலையில் காற்று மெல்லிசு. கீழே குடிக்கிற அளவுக்கு இங்கேயும் பெட்ரோல் ஊற்றினால், எரிக்கக் காற்று போதாது. பாதி புகையாகப் போய்விடும். கார்பரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதன் ஊசித் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அதை எடுத்துவிட்டுத் துளை சின்னதாக உள்ள ஒன்றைப் போட்டேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, அழுத்தம் கூடட்டும் என்று லேத்தில் மயிரிழை அளவு சீவி வந்தேன். தீப்பொறி கொஞ்சம் முந்தி அடிக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தேன். அதன் பிறகு அது வேறு வண்டி. பஸ்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மலைக்கு வைத்த வைப்பிலேயே கீழே இறங்கினால், அங்கே காற்றும் கனம், வெயிலும் கனம். இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி நாக் அடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகிவிடும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் உளியால் இரண்டு கோடு கீறினேன். மலைக்கு மேல்கோடு, மேட்டுப்பாளையத்துக்குக் கீழ்கோடு. ஜெட்டும் இரண்டு. வண்டியில் ஒன்று, என் சட்டைப் பையில் மூக்குப்பொடி டப்பாவுக்குள் இன்னொன்று. கேரட் மூட்டையோடு மண்டிக்கு இறங்கும் முன்னும், திரும்பி ஏறிய பின்னும் மாப்பிள்ளை என் ஷெட்டுக்கு வருவான், மாற்றிக் கொடுப்பேன். அதுதான் எங்கள் வழக்கம்.

ஒரு தடவை மண்டியிலிருந்து திரும்பிய கையோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். வண்டியைப் புகழ்ந்தவர்களிடம் எல்லாம் தானே செய்த வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டு பார்க்கலாம் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிரிப்பு எழுந்தது. அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். ஷெட்டுக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் இலை ஏற்றிக்கொண்டு என் வீட்டைத் தாண்டினான். பின்னால் கரும்புகை. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மாப்பிள்ளை, வண்டி கீழ்கோட்டுலயே நிக்குது. ஷெட்டுக்குத் திருப்பு."

"நேத்து கெத்தை வளைவெல்லாம் ஏறித்தானுங்க வந்துச்சு."

"நேத்துக் காலியா வந்த."

"வண்டி என்னுதுங்க மச்சான். நீங்க இல்லாம ஒரு நாளைக்கு ஓடட்டும், பாக்கலாம்."

இலை மூட்டைகளுக்கு மேல் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் சரிவில் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தவர். அவருடைய ஒரு வாரச் செலவுக்கான காசு அந்த மூட்டைகளில் இருந்தது. "ஒங்க ரெண்டு பேரு சண்டையில எங்க கொழுந்து வேகுது. யாராச்சும் ஒராள் வண்டிய எடுங்க" என்றார். மாப்பிள்ளை கியரைப் போட்டான். நான் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.

பாக்டரிக்கு முந்தின வளைவு வரைக்கும் இழுத்தது. அந்த வளைவில் ரோடு செங்குத்தாக எழும். இடது பக்கம் பள்ளம், அன்றைக்கு மூடுபனி நிரம்பிக் கிடந்தது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் இருமியது, நடுங்கியது, நின்றேவிட்டது. வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. மாப்பிள்ளை பிரேக்கை ஏறி மிதித்தான். கைபிரேக் பெயருக்குத்தான். நானும் அக்காவும் குதித்தோம். அக்கா வண்டியில் கிடந்த கட்டையைப் பின்சக்கரத்துக்குப் போட்டார், சேற்றில் கட்டையும் சேர்ந்து வழுக்கியது. நான் ஓரத்துக் கல்லை உருட்டிக் கட்டைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்த பிறகுதான் நின்றது.

"கால எடுத்தராத மாப்பிள்ளை."

"எடுக்கலீங்க மச்சான்."

மூட்டைகளை இறக்கலாம் என்றால், வண்டியை அசைக்கவே பயம். அக்கா ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "கஞ்சிப் பானை மாதிரி இருக்கு தம்பி. என்ன செய்யப் போறீங்களோ, இப்பவே செய்ங்க."

சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். கார்பரேட்டருக்குக் கீழேயே புகைக்குழாய், தொட்டால் தோல் உரியும் சூடு. ஜெட்டைக் கழற்றினால் உள்ளே நிற்கும் பெட்ரோல் அதன் மேல்தான் கொட்டும். ஆறட்டும் என்று காத்திருந்தால் இலை போய்விடும். ஈரச் சாக்கு வேண்டும் என்றேன். இலை பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்குத் துணியைப் படங்கு என்பார்கள். அக்கா அதை அவிழ்த்து, ஓரத்து ஓடையில் நனைத்து நீட்டினார். புகைக்குழாய் மேல் போர்த்தினேன். உஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது.

பெரிய ஜெட் கழன்று வந்தபோது பெட்ரோல் விரலில் ஓடிப் படங்கில் சொட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டேன். பொடி டப்பாவைத் திறந்து சின்ன ஜெட்டை எடுத்து வைக்கப் போகும்போது விரல் சுட்டது, நழுவ விட்டுவிட்டேன். என் உயிரே கீழே விழுந்த மாதிரி இருந்தது. படங்கின் மடிப்பில் தங்கியிருந்தது. அந்தத் துணி இல்லையென்றால் பள்ளத்துக்குள் போயிருக்கும், பின்னாலேயே வண்டியும் போயிருக்கும்.

"ஆச்சுங்களா?"

"பேசாத. மிதி."

ஜெட்டை முடுக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி மேல்கோட்டுக்குத் திருப்பி இறுக்கினேன். பிளக்குகளைக் கழற்றிக் கரியை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். படங்கை எடுத்து ரோட்டின் அந்தப் பக்கம் வீசிவிட்டு, பெட்ரோல் ஆவி போகட்டும் என்று சற்று நின்றேன். அந்தச் சற்று நேரம்தான் பெரிசு. அக்கா கட்டையை மிதித்தபடி நின்றார். அவர் உதடு அசைந்தது, எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ.

"இப்ப போடு. கிளச்ச மெதுவா விடு. நின்னுச்சுன்னா மறுபடியும் பிடிச்சு நிறுத்த முடியாது."

முதல் சுற்றில் பிடிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் உறுமியது. புகை இல்லை. சத்தம் கெட்டியாக, எனக்குத் தெரிந்த சத்தமாக வந்தது. சக்கரம் கட்டையை விட்டு ஒரு சாண் முன்னால் ஏறியது, பிறகு நிற்கவே இல்லை. நானும் அக்காவும் பின்னாலேயே ஓடினோம்.

பாக்டரியில் இலை பார்ப்பவர் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டார். ஒன்றை ஒதுக்கினார். மற்றதைக் கொட்டச் சொன்னார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சுமையை இந்தப் பழைய வண்டி எப்படி இழுக்கிறது என்று இலை பார்ப்பவர் மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "நம்ம கைவேலைதானுங்க" என்றான்.

அதற்குப் பிறகும் ஜெட் மாற்ற என் ஷெட்டுக்குத்தான் வந்தான். மாற்றிக் கொடுக்காமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. எங்கள் சரிவு இலையும் பாக்டரிக்குப் போகாமல் இருந்ததில்லை.

இப்போது எங்கள் சிறு விவசாயிகள் இலைக் கொட்டகையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சரிவின் முதல் இலை வண்டியை ஓட்டியவர் என்று மாப்பிள்ளையின் படம். ஓட்டியவன் அவன்தான், அந்த வளைவில் காலை எடுக்காமல் மிதித்தவனும் அவன்தான், படம் இருக்கட்டும். ஆனால் கீழே, பழைய இன்ஜினைத் தாமே சீர்செய்து வலுவூட்டினார் என்று எழுதியிருக்கிறார்கள். பலகை மாட்டியவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வரியை அழியுங்கள். வண்டிக்கு மேல்கோடும் கீழ்கோடும் கீறியவன் நான், அந்த வளைவில் அதைத் திரும்ப உயிர்ப்பித்தவனும் நான் என்று எழுதுங்கள். படங்கு அவிழ்த்துக் கொடுத்த அக்காவுக்கும் ஒரு வரி போடுங்கள். பலகையில் அந்த இரண்டு வரிக்கும் இடம் இருக்கிறது. நான் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.